எங்கிருந்து வருகிறது அந்தப் பணம்? ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரமும் மோசடித் திட்டங்களின் வேடங்களும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குச் சேரும் இளைஞர் பலருக்கு, தன் பணத்துக்கு வட்டி வருவது முதலில் தெரியவருவது பி.எஃப். கணக்கில்தான். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த அந்தத் தொகைக்கு 2023–24ஆம் நிதியாண்டில் கிடைத்த வட்டி 8.25 சதவீதம். அது ஓர் ஆண்டுக்கு உரியது. இந்த ஊர்களைத் தொட்டுச் செல்லும் அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் நூறு கிலோமீட்டர் மேற்கே போனால் வேலூர், காட்பாடி. அங்கிருந்து இயங்கிய ஐ.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் 8 சதவீத அளவிலான வட்டியை ஒவ்வொரு மாதமும் தருவதாகச் சொன்னது. 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நம்பினார்கள். சுமார் 6,000 கோடி ரூபாய் சேர்ந்தது. 2022இல் போலீஸ் வழக்கு வந்தபோது அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நிறுவனத்திடம் வழி இல்லை.

அதே ஆண்டு மே மாதம் சென்னை அமைந்தகரையில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தில் சோதனை நடந்தது. மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கணக்கிட்டது. மாதம் 15 சதவீதம் என்ற ஹிஜாவு நிறுவனத்தில் சுமார் 89 ஆயிரம் பேர் 4,400 கோடி ரூபாய் போட்டிருந்தார்கள். இந்த மூன்று நிறுவனங்களும் வட தமிழகத்தின் பெருநகர்களிலும் சிற்றூர்களிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வளர்ந்தன, ஒரே காலத்தில் சரிந்தன.

ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் "பேராசைப்பட்டார்கள், அனுபவிக்கிறார்கள்" என்ற பேச்சு கிளம்புகிறது. மூன்று வழக்குகளிலும் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். இத்தனை பேரும் பேராசைக்காரர்கள் என்றால், நம் தெருவில் பேராசை இல்லாதவர் யாரும் இருக்க முடியாது. இந்தத் திட்டங்கள் நம்மிடம் ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற ஒன்றின் உருவத்தில் வருகின்றன. சீட்டாக, நிதியாக, மனையாக, வேலையாக வருகின்றன. வேடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் தெரியும். பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் எல்லாம் ஒன்றே என்று புரியும்.

நிலையற்ற வேலையும் மொத்தமாக வரும் பணமும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தின் முகம் மாறியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். அதன் பிறகு டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களில் ஷிப்ட் பஸ்கள் ஓடுகின்றன. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்குவதற்கான விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு பேரூராட்சியின் மக்கள்தொகை அளவுக்கு, பெரும்பாலும் இருபதுகளில் உள்ள பெண்கள், சொந்த ஊரை விட்டு வந்து ஒரே வளாகத்தில் இருக்க முடியும்.

இந்த வாழ்க்கையில் சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. வேலை நீடிக்குமா என்பதுதான் தெரியாது. டிரெய்னி, அப்ரெண்டிஸ், காண்ட்ராக்ட் என்று பல படிகள் உண்டு. நிரந்தரமானவர் குறைவு. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடப்பட்டது. எட்டே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகையுடன் வெளியே வந்தார்கள். இருபத்தைந்து வயதில் கையில் சில லட்சம் ரூபாய் இருக்கும். அடுத்த மாதம் சம்பளம் இருக்காது. அந்த நிலையில் ஒருவர் தேடுவது கோடீசுவரப் பட்டம் கிடையாது. போன சம்பளத்துக்கு ஈடாக மாதம் ஏதாவது வர வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. "ஒரு லட்சம் போட்டால் மாதம் எட்டாயிரம்" என்ற வாக்குறுதி அந்தக் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது.

காண்ட்ராக்ட் முடிந்து எடுக்கும் பி.எஃப். பணம், நிலம் கையகப்படுத்தியதற்கான இழப்பீடு, பரந்தூர் விமான நிலைய அறிவிப்புக்குப் பின் மனை விற்றுக் கிடைத்த தொகை என்று மொத்தப் பணம் கைக்கு வரும் தருணங்கள் இந்த வட்டாரத்தில் அதிகம். மோசடித் திட்டத்தின் ஏஜென்ட் காத்திருப்பது இந்தத் தருணங்களுக்காகத்தான்.

ஒன்பதாவது மாதம் காலியாகும் பெட்டி

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனம் மாதம் 25 சதவீதம் தருவதாகச் சொல்கிறது. முதல் மாதம் 100 பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போடுகிறார்கள். ஒரு கோடி ரூபாய் சேர்கிறது. நிறுவனத்துக்கு வியாபாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் மாதம் தவறாமல் இன்னொரு 100 பேர், ஆளுக்கு ஒரு லட்சத்துடன் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடத்துபவர் ஒரு ரூபாய்கூட எடுப்பதில்லை, ஏஜென்டுக்குக் கமிஷன் இல்லை, அலுவலக வாடகையும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது மாதம் 25 லட்சம் கொடுக்க வேண்டும். மூன்றாவது மாதம் 50 லட்சம். நான்காவது மாதம் 75 லட்சம். ஐந்தாவது மாதம் வருவதும் போவதும் ஒரு கோடியாகச் சமமாகிவிடும். ஆறாவது மாதத்திலிருந்து சேமிப்பில் கைவைக்க வேண்டும். ஒன்பதாவது மாதம் முடியும்போது மொத்த வரவு 9 கோடி, மொத்தப் பட்டுவாடாவும் 9 கோடி. பெட்டி காலி. யாரும் திருடாமலேயே இந்த நிலை. கார், பங்களா, நட்சத்திர விடுதியில் கூட்டம், ஏஜென்டுக்குக் கமிஷன் எல்லாம் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். இதைத் தள்ளிப்போட ஒரே வழி, சேரும் ஆட்களின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் பெருகுவது. அதனால்தான் இந்த நிறுவனங்கள் ஆள் சேர்ப்பில் அவ்வளவு வெறியாக இருக்கின்றன.

இன்னொரு உண்மையும் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஒரு லட்சம் போட்டவருக்கு மாதம் 25 ஆயிரம் வந்தால், முதல் நான்கு மாதம் அவர் கைக்கு வருவது அவரே போட்ட பணத்தின் அளவுதான். "நான்கு மாதமாகச் சரியாக வருகிறது" என்பது நிறுவனத்தின் நாணயத்துக்குச் சான்றாக முடியாது. போட்டதில் நான்கு பங்கும் திரும்பிவிட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று. ஆனால் நான்காவது மாதத்தில்தான் பலர் நகையை அடகு வைத்து இன்னும் இரண்டு லட்சம் போடுகிறார்கள், தம்பியையும் மச்சானையும் சேர்த்துவிடுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு உலகம் சார்லஸ் போன்சியின் பெயரை வைத்திருக்கிறது. 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 45 நாளில் 50 சதவீத லாபம் என்று அவர் பணம் வாங்கினார். ஒரு நாட்டில் வாங்கிய அஞ்சல் பதில் கூப்பனை இன்னொரு நாட்டில் மாற்றினால் லாபம் வரும் என்பது அவர் சொன்ன வியாபாரம். அப்படி ஒரு கூப்பன் நிஜமாகவே இருந்தது. ஆனால் அவர் வாங்கியிருந்த பணத்துக்கு 16 கோடி கூப்பன்கள் வேண்டியிருக்கும். புழக்கத்தில் இருந்தவை சுமார் 27 ஆயிரம்தான் என்று பத்திரிகையில் கணக்கு வெளியானது. அவர் சொன்ன தொழில் பொய்யில்லை. அந்தத் தொழில் அவ்வளவு பணத்தைத் தாங்காது என்பதுதான் பொய்யைக் காட்டிக்கொடுத்தது.

நம் ஊரிலும் இதே சோதனை பலமுறை பலித்திருக்கிறது. பெருந்துறை சுசி ஈமு பண்ணை, ஒன்றரை லட்சம் ரூபாய் போட்டவர்களுக்கு ஈமு குஞ்சுகளைக் கொடுத்து, பராமரிப்புத் தொகை மாதாமாதம், போனஸ் ஆண்டுக்கு ஒருமுறை என்று சொன்னது. பறவை கண்ணெதிரே கொட்டகையில் நின்றதால் சந்தேகம் வரவில்லை. அந்த இறைச்சியை யார் வாங்குகிறார்கள், எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்காது. 2012இல் அது சரிந்தது. அதற்கு முன் 1990களில் அனுபவ் நிறுவனம் தேக்கு மரங்களைக் காட்டியது. திருப்பூரில் 2008–09இல் பாசி நிறுவனம் அந்நியச் செலாவணி வணிகத்தைக் காட்டியது. ஈமு, தேக்கு, தங்கம், டாலர் எல்லாமே நிஜமான பொருள்கள்தான். வெளியிலிருந்து அவற்றை வாங்குபவர் கொடுத்த பணம்தான் எங்கும் இல்லை.

சீட்டு என்ற வேடம்

தமிழர்களுக்கு ஏலச்சீட்டு பழக்கமானது. பணம் எங்கிருந்து வருகிறது என்ற சோதனையில் நியாயமான சீட்டு தேறும் என்பதால் அதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. 20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. அவசரத் தேவை உள்ள ஒருவர் 25,000 தள்ளி 75,000க்கு எடுக்கிறார். தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 20,000 ரூபாய். அதை 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,000. எனவே அந்த மாதம் 4,000 கட்டினால் போதும். லாபம் எங்கிருந்து வந்தது? அவசரத்துக்கு எடுத்தவர் விட்டுக்கொடுத்ததில் இருந்து. கேள்விக்குக் கண்ணெதிரே பதில் இருக்கிறது.

1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு தொடங்குமுன் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையத்தைப் பதிவாளரிடம் காட்ட வேண்டும். கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு. 5 சதவீதமாக இருந்தது 2019இல் 7 ஆக்கப்பட்டது. மாதாமாதம் எவ்வளவு தள்ளு போகும் என்று ஏலத்துக்கு முன்னால் யாராலும் சொல்ல முடியாது. எனவே "சீட்டு" என்று சொல்லிக்கொண்டே "கட்டாய லாபம் இத்தனை சதவீதம்" என்று ஒருவர் சொன்னால், அங்கே ஏலமே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

தீபாவளிச் சீட்டும் நகைச் சீட்டும் இதன் உறவுகள். மாதம் ஆயிரம் கட்டினால் பண்டிகைக்கு மளிகை, பட்டாசு, வெள்ளிப் பாத்திரம், தங்கக் காசு. 2022 தீபாவளியின்போது செய்யாறு பகுதியில் அப்படிக் கட்டியவர்கள் பொருள் கிடைக்காமல் கடை வாசலில் நின்றார்கள். நகைக்கடைத் திட்டங்கள் பெரும்பாலும் 11 மாதத்தோடு முடிவதற்குச் சட்டக் காரணம் உண்டு: முன்பணமாக வாங்கியதற்கு ஓர் ஆண்டுக்குள் பொருள் கொடுத்துவிட வேண்டும், தாண்டினால் அது வைப்புத்தொகையாகிவிடும். எனவே "ஐந்து லட்சம் போடுங்கள், மாதம் வட்டி, பத்து மாதம் கழித்துத் தங்கம்" என்று ஒரு நகைக்கடை சொன்னால், அது நகை வியாபாரத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. திருச்சியில் தொடங்கிய பிரணவ் ஜுவல்லர்ஸ் நிறுவனத்தின் மீது 2023இல் வந்த வழக்கு, தங்க முதலீட்டுத் திட்டம் என்று சுமார் 100 கோடி ரூபாய் வாங்கியதைப் பற்றியது.

நிதி என்ற வேடம்

உறுப்பினர்கள் தங்களுக்குள் சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் நிதி என்ற அமைப்பு தமிழ்நாட்டில் வேர்விட்டது. இங்கும் லாபத்தின் ஊற்று தெளிவானது: கடன் வாங்கிய உறுப்பினர் கட்டும் வட்டி. 2014இன் நிதி விதிகளின்படி உறுப்பினர் அல்லாதவரிடம் வைப்பு வாங்கக் கூடாது. வைப்பு கேட்டு விளம்பரம் செய்யக் கூடாது. வைப்புச் சேர்த்துக் கொடுப்பவருக்குத் தரகு கொடுக்கக் கூடாது. வட்டியும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்துள்ள உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பு ஆண்டுக்கு 12.5 சதவீதம். படப்பையிலோ வாலாஜாபாத்திலோ ஒரு மாடி அறையில் "நிதி லிமிடெட்" என்ற பெயர்ப்பலகையைக் கண்டால், உள்ளே ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டா என்று ஒன்று கேட்டால் போதும். உண்டு என்றால் விதி மீறப்பட்டுவிட்டது.

ஆனால் வட்டி விகிதத்தை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு 1872இல் தொடங்கப்பட்டது. அது மாதம் பத்து சதவீதம் தரவில்லை; வங்கியைவிடச் சற்றே கூடுதலாகத்தான் தந்தது. மூத்த குடிமக்கள் ஓய்வூதியப் பணத்தை அங்கே வைத்தார்கள். முதிர்வுத் தொகை கேட்டுப் போனவர்களுக்குப் பணம் கிடைக்காமல் புகார்கள் குவிந்து, 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். அமெரிக்காவில் 2008இல் வெளிப்பட்ட மேடாஃப் மோசடியும் அடக்கமான, நிலையான லாபத்தையே காட்டிவந்தது. அதிக வட்டி என்பது அபாயத்துக்கு அடையாளம்; குறைந்த வட்டி பாதுகாப்புக்கு உத்தரவாதமாகிவிடாது. பழைய பெயரும் அப்படித்தான். பணம் எந்தக் கடனில், எந்தச் சொத்தில் இருக்கிறது என்ற கேள்வியை நூற்றைம்பது ஆண்டு நிறுவனத்திடமும் கேட்கத்தான் வேண்டும்.

மனையும் வேலையும்

இந்த வட்டாரத்தில் மிகவும் நம்பப்படும் சொத்து மண்தான். இருபது ஆண்டுக்கு முன் மானாவாரி நிலமாகக் கிடந்தது இன்று சதுர அடிக் கணக்கில் விற்பதை ஊரார் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆகவே "மாதம் இரண்டாயிரம் கட்டு, ஐந்தாண்டில் மனை, மனை வேண்டாமென்றால் இரட்டிப்புப் பணம்" என்ற பேச்சு எளிதில் எடுபடும். நாட்டிலேயே மிகப் பெரிய கூட்டு முதலீட்டு மோசடிகளில் ஒன்றான பி.ஏ.சி.எல். இப்படித்தான் விவசாய நிலத்தைக் காட்டி 5 கோடிக்கும் மேற்பட்டோரிடம் சுமார் 49,000 கோடி ரூபாய் சேர்த்தது. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி 2014 ஆகஸ்டில் செபி உத்தரவிட்டது. 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி லோதா தலைமையில் குழு அமைந்தது. சொத்துகளை விற்றுப் பணம் தரும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

நிஜமான மனைக்குச் சர்வே எண் உண்டு, நகரமைப்புத் துறையின் அங்கீகாரம் உண்டு, ரெரா பதிவு உண்டு, வில்லங்கச் சான்று எடுக்கலாம். நேரில் போய் எல்லைக்கல்லைப் பார்க்கலாம். இவற்றில் ஒன்றைக் கேட்டாலும் "அதெல்லாம் கடைசியில் மொத்தமாக வரும்" என்று பதில் வந்தால், விற்கப்படுவது மனை இல்லை.

விடுதி அறையில் இருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோ மனைத் திட்டம் தூரமானது. அவர்களுக்கு வரும் வேடம் பகுதிநேர வேலை. ஒரு வாட்ஸ்அப் செய்தி: வீட்டிலிருந்தே நாளுக்கு ஆயிரம் ரூபாய், யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் போதும். முதல் நாள் நிஜமாகவே 150 ரூபாய் வரும். பிறகு டெலிகிராம் குழு. அதில் இருநூறு பேர், நாள்தோறும் "எனக்கு 18 ஆயிரம் வந்தது" என்று படம் போடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோசடிக்காரரின் ஆட்கள். அதன் பின் "ப்ரீபெய்டு டாஸ்க்": 2,000 கட்டினால் 2,800. அடுத்து 10,000. திரையில் மட்டும் தொகை ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால் வரி கட்டு, கணக்கைத் திற என்று இன்னும் கேட்பார்கள். உழைப்புக்குக் கூலி கொடுப்பதுதான் வேலை. வேலை பார்க்க நம்மிடமே பணம் கேட்டால் அது வேலை ஆகாது.

இதன் கூடப்பிறந்த ஆபத்து ஒன்று உண்டு. "உன் பேங்க் கணக்கை ஒரு மாதம் வாடகைக்குக் கொடு, ஐயாயிரம் தருகிறேன்." அந்தக் கணக்கு வழியாக இன்னொருவரிடம் திருடிய பணம் ஓடும். வேறு மாநிலத்துப் போலீஸ் கணக்கை முடக்கும்போது சம்பளமும் சேர்ந்து முடங்கும், வழக்கும் வரும்.

ஆள் சேர்த்தால் பணம் என்ற சங்கிலித் திட்டங்களின் எல்லையையும் கணக்கே சொல்லிவிடும். ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து பேர் என்றால், பதின்மூன்றாவது படியில் 122 கோடிப் பேர் தேவை. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் மக்கள்தொகை 121 கோடி. நாடே தீர்ந்துவிடும். கடைசிப் படிகளில் நிற்பவர்கள்தான் எப்போதும் எண்ணிக்கையில் மிக அதிகம். சேர்க்க ஆளில்லாமல் நஷ்டப்படுபவர்களும் அவர்களே.

சொல்பவர் நம் ஆள் என்பதால்

விளம்பரத்தைப் பார்த்துப் பணம் போடுபவர் குறைவு. பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருபவர் சொல்லித்தான் இது பரவுகிறது. பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"தம்பி, பி.எஃப். பணம் எடுத்துட்டியாமே?"

"ஆமாண்ணா, நாப்பதாயிரம் வந்துச்சு. தங்கச்சி காலேஜ் ஃபீசுக்கு வச்சிருக்கேன்."

"பேங்க்ல கெடந்தா என்ன வரும்? நான் ஆறு மாசமா போட்டிருக்கேன். மெசேஜைப் பாரு, அஞ்சாந்தேதியானா டான்னு வருது."

"கம்பெனி என்னண்ணா பண்றாங்க?"

"தங்கம் ட்ரேடிங்காம். வெளிநாட்டுல வாங்கி இங்க விக்கிறாங்க. நமக்கெதுக்கு அதெல்லாம்? பணம் வருதா, பாத்துக்க. இந்த வாரத்தோட ஸ்கீம் முடியுது, அதான் உன்கிட்ட சொல்றேன்."

அந்த அண்ணன் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே பணம் வந்திருக்கிறது. தம்பிக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைக்கிறார், கமிஷனும் உண்டு. தம்பி சரியான கேள்வியைக் கேட்டுவிட்டான் என்பதைக் கவனிக்க வேண்டும். "நமக்கெதுக்கு அதெல்லாம்" என்ற பதிலில்தான் அவன் தோற்கிறான். வயதில் மூத்தவரை, லைனில் தனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரை, அதற்கு மேல் கேள்வி கேட்க நம் பழக்கம் இடம் கொடுப்பதில்லை.

இதே இருவரும் ஷாப் ஃப்ளோரில் அப்படி நடந்துகொள்ள மாட்டார்கள். லாட் எண் இல்லாமல் ஒரு பாகம் லைனுக்கு வந்தால் அதை வண்டியில் பொருத்த மாட்டார்கள். எந்த சப்ளையர், எந்த நாள் தயாரிப்பு, யார் பரிசோதித்தது என்று தெரியும்வரை அது சிவப்புப் பெட்டியில் கிடக்கும். ஐந்து ரூபாய் போல்ட்டுக்குக் கேட்கும் அந்தக் கேள்வியை நாற்பதாயிரம் ரூபாய்க்கும் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. கேட்கும் திறமையும் இருக்கிறது. மேலாண்மைப் பட்டமோ பங்குச்சந்தை அறிவோ இதற்குத் தேவையில்லை.

பணம் போட்டவர்களே நிறுவனத்துக்குக் காவலாக நிற்பதும் நடக்கிறது. செல்பேசியில் விளம்பரம் பார்த்தால் பணம் என்று உறுப்பினர் சேர்த்த மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது வழக்கு வந்தபோது, 2024 ஜனவரியில் கோவையில் ஆயிரக்கணக்கானோர் நிறுவனத்துக்கு ஆதரவாகத் திரண்டார்கள். புகார் கொடுத்தால் நிறுவனம் முடங்கும், முடங்கினால் தன் பணம் போய்விடும் என்ற பயம் இருக்கிறது. புகார் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் புதிதாக ஆயிரம் பேர் உள்ளே வருகிறார்கள், எஞ்சியிருக்கும் சொத்து வெளியே போகிறது.

சட்டம் தருவதும் தராததும்

தமிழ்நாடு 1997இல் வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக விற்று, பணத்தைப் பிரித்துக் கொடுக்க அது வழி செய்கிறது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. 2019இல் ஒன்றிய அரசின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் வந்தது. இதன்படி அனுமதியற்ற திட்டத்துக்குப் பணம் வாங்குவது மட்டுமன்றி, பணம் போடச் சொல்லி அழைப்பதே குற்றம். ஐந்தாண்டு வரை சிறை. பஸ்ஸில் பேசிய அந்த அண்ணனும், தன் பணத்தை இழந்திருந்தாலும், இந்தப் பிரிவுக்குள் வரக்கூடும். அவருடைய நன்மைக்காகவும் இதைச் சொல்லியாக வேண்டும். ஆள் சேர்க்கும் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துவிட்டது.

சட்டம் இருக்கிறது, ஆனால் அது நடக்கும் வேகம் வேறு. பாசி வழக்கில் நிறுவனம் சரிந்தது 2009இல். கோவை சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறையும் 171 கோடிக்கு மேல் அபராதமும் விதித்தது 2022 ஆகஸ்டில். பதின்மூன்று ஆண்டுகள். அந்த இடைவெளியில் பத்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாண வயது வந்துவிடும். தண்டனை கிடைத்தாலும், முடக்கக் கிடைத்த சொத்தின் அளவுக்குத்தான் பணம் திரும்பும். எனவே போடுவதற்கு முன் செலவழிக்கும் ஒரு மணி நேரம், போட்ட பின் அலையும் பத்தாண்டுகளைவிட மதிப்புள்ளது.

போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, இந்த லாபத்தை யார் கொடுக்கிறார்? திட்டத்துக்கு வெளியே இருக்கும் வாடிக்கையாளர், கடன் வாங்கியவர், வாடகைதாரர் என்று ஒருவரைக் காட்ட முடிய வேண்டும். இரண்டாவது, அந்தத் தொழில் இவ்வளவு பணத்தைத் தாங்குமா? மாதம் 10 சதவீதத்தை எடுக்காமல் விட்டால் ஓராண்டில் ஒரு லட்சம் மூன்று லட்சத்தைத் தாண்டும். அப்படிச் சம்பாதிக்கத் தெரிந்தவர் வங்கியில் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கடன் வாங்கித் தானே சம்பாதிப்பார். தெருத்தெருவாக வந்து நம்மிடம் கேட்க மாட்டார். மூன்றாவது, எந்த அதிகாரி இதற்கு அனுமதி கொடுத்தார்? கம்பெனிப் பதிவுச் சான்றும் ஜி.எஸ்.டி. எண்ணும் வைப்பு வாங்கும் அனுமதி ஆகாது. சீட்டுக்குப் பதிவாளர், வைப்பு வாங்கும் நிதி நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி, முதலீட்டுத் திட்டத்துக்கு செபி, மனைக்கு ரெரா. ரிசர்வ் வங்கியின் சச்சேத் இணையதளத்தில் ஒரு நிறுவனத்துக்கு வைப்பு வாங்க அனுமதி உண்டா என்று பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். நான்காவது, நான் யாரையும் சேர்க்காவிட்டாலும் எனக்கு இந்த லாபம் வருமா? ஐந்தாவது, இன்றே முடிவெடுக்கச் சொல்வது ஏன்? நல்ல தொழில் அடுத்த மாதமும் இருக்கும்.

இந்தச் சுமையைத் தொழிலாளியின் தலையில் மட்டும் வைத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வேலைக்குச் சேரும் நாளில் தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தரும் ஆலைகள், கூடவே அரை மணி நேரம் இதையும் சொல்லித்தரலாம். காண்ட்ராக்ட் முடிந்து கணக்கு முடிக்கும் நாளில், விருப்ப ஓய்வுத் தொகை கொடுக்கும் நாளில், இழப்பீட்டுக் காசோலை கொடுக்கும் நாளில், வங்கிக்காரரும் தொழிற்சங்கத்தாரும் கூட உட்கார்ந்து பேசலாம். விடுதி வளாகங்களில் பொருளாதாரக் குற்றப்பிரிவு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து முகாம் நடத்தலாம். இவற்றுக்கு ஆகும் செலவு, ஓர் ஆருத்ராவில் ஒரு தெரு இழந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே பணம் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்லைனில் ஏமாந்திருந்தால் அன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்; பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நிறுத்த வாய்ப்புண்டு. நிறுவனத்தில் போட்டிருந்தால் ரசீது, பத்திரம், வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கும். ஊர் பேராசைக்காரன் என்று சொல்லுமே என்று கூசும். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் இந்தத் திட்டங்கள் இன்னும் ஆறு மாதம் கூடுதலாக ஓடுகின்றன. ஏமாந்தவரை இழிவாகப் பேசுவதை ஊர் நிறுத்தினால், முதல் புகார் சீக்கிரம் வரும். முதல் புகார் சீக்கிரம் வந்தால் அடுத்த ஆயிரம் பேரின் பணம் தப்பும்.